சாலைப் பாதுகாப்பு மதிப்பீடு: சிவில் படிக்கும் மகளுக்கு ஏற்ற துறையா?

சிவில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள் சாலைப் பாதுகாப்பு மதிப்பீட்டில்தான் வேலை தேடப்போவதாகச் சொல்கிறார், அப்படியொரு வேலை உண்மையிலேயே இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது, தேவையும் பெரிது. 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது.

விபத்துகள் அடிக்கடி நடந்த இடங்களைக் கணக்கெடுத்துச் சரிசெய்வது பழைய வழி. ‘ஐராப்’ என்னும் பன்னாட்டு அமைப்பின் நட்சத்திர மதிப்பீடு, விபத்து நடக்கும்வரை காத்திராமல் சாலையின் அமைப்பையே ஆராய்கிறது. கேமரா பொருத்திய வாகனம் எடுத்த பதிவை நூறு நூறு மீட்டராகப் பிரித்து, வளைவு, மையத் தடுப்பு, நடைபாதை, வாகனங்களின் வேகம், சாலையோரப் புளியமரம் தார்த்தளத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது உட்பட, ஐம்பதுக்கும் மேற்பட்ட கூறுகளைக் குறிக்கிறார்கள். பிறகு காரில் செல்வோர், இருசக்கர வாகன ஓட்டிகள், மிதிவண்டியில் செல்வோர், நடந்து செல்வோர் என நான்கு தரப்பினருக்கும் தனித்தனியே ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் வழங்கப்படுகிறது; ஐந்து பெற்றதே மிகப் பாதுகாப்பானது. காருக்கு மூன்று நட்சத்திரம் பெறும் நான்குவழிச் சாலை, பேருந்தை விட்டு இறங்கியவர் எதிர்ப்புறம் கடக்க வழியில்லாததால், நடப்பவருக்கு ஒரே நட்சத்திரம் பெறக்கூடும். இந்த வேறுபாடு மனத்தை உறுத்துகிறவர்களுக்கே இத்துறை பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம்.

இதற்கெனத் தனிப் பட்டம் தேட வேண்டாம். சிவில் முடித்து, கிண்டி பொறியியல் கல்லூரி, ஐ.ஐ.டி. மெட்ராஸ், திருச்சி என்.ஐ.டி. போன்ற இடங்களில் போக்குவரத்துப் பொறியியல் முதுகலை படிப்பதே நேரான வழி. அதற்குக் கேட் (GATE) என்னும் முதுகலை நுழைவுத் தேர்வுக்கு இப்போதே தயாராக வேண்டும். வேலை பெரும்பாலும் நெடுஞ்சாலைத் திட்ட அறிக்கை தயாரிக்கும் ஆலோசனை நிறுவனங்களில் கிடைக்கும். தொடக்கச் சம்பளம் மென்பொருள் துறையோடு போட்டியிடாது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சாலையின் பாதுகாப்புக் குறைகளை நேரில் ஆராயும் தணிக்கைக் குழுவுக்குத் தலைமை ஏற்கச் சில ஆண்டுக் கள அனுபவமும், டெல்லியிலுள்ள மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் போன்றவை நடத்தும் சான்றிதழ்ப் பயிற்சியும் வேண்டும்.

இரவிலும் சாலையைப் பார்வையிட வேண்டியிருக்குமே என்ற உங்கள் அச்சம் நியாயமானது. இரவில் பார்த்தால்தான் வெளிச்சமின்மையும் ஒளிராத எச்சரிக்கைப் பலகைகளும் தெரியவரும். ஆனால் அது குழுவாகச் செய்யும் பணி. நேர்காணலிலேயே வாகனம், உடன்வருவோர், பாதுகாப்பு ஏற்பாடு பற்றி மகள் தயங்காமல் கேட்கட்டும்.

இந்த விடுமுறையில் கல்லூரிக்கு அருகிலுள்ள ஒரு கிலோமீட்டர் சாலையைத் தேர்ந்து, சாலைத் தரநிலைகளை வகுக்கும் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் எஸ்.பி. 88 என்ற சாலைப் பாதுகாப்புத் தணிக்கைக் கையேட்டை வைத்துப் பேராசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் அறிக்கை எழுதச் சொல்லுங்கள். அதை முடித்த பிறகும் ஆர்வம் குறையாதிருந்தால், மகளை இத்துறைக்குத் தயங்காமல் அனுப்புங்கள்.