துறைமுக நகரத்தில் காசு போடலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கொழும்புத் துறைமுக நகரத்தைப் பற்றியவை; கொழும்புக் கரையோரம் கடலை நிரப்பி உருவாக்கிய சிறப்புப் பொருளாதார வலயம் அது. அங்கே முதலீடு செய்யச் சொல்லி ஆசை காட்டும் ஒரே வாட்ஸ்அப் விளம்பரத்தை ஐந்தாறு பேர் அனுப்பி, ‘இது உண்மையா?’ என்று கேட்டிருந்தார்கள். சிலவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

துறைமுக நகரத்துக்குள் 10 பேர்ச் காணி எடுத்துத் தரலாம் என்கிறார் ஒரு தரகர். 15 இலட்சம் முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? (வெள்ளவத்தை வாசகர்)

கொடுக்காதீர்கள். அங்கே பேர்ச் கணக்கில், அதாவது வீட்டு மனை அளவில், காணி விற்பனை கிடையாது.

கடலை நிரப்பி எடுத்த நிலம் மொத்தம் 269 ஹெக்டேயர். அதில் 116 ஹெக்டேயர் சீன நிறுவனத்தின் திட்டக் கம்பனிக்கு 99 வருடக் குத்தகை. 62 ஹெக்டேயர் அரசாங்கத்தின் பங்கு. மிச்சம் 91 ஹெக்டேயர் வீதி, பூங்கா, கடற்கரை என்று பொதுப் பாவனைக்கு. கம்பனியின் பங்கும் அரசின் பங்கும் கோபுரம் கட்டக்கூடிய பெரிய துண்டுகளாகத்தான் முதலீட்டாளர் கைக்குப் போகும். வீடு கட்டும் அளவுக்குத் துண்டு போட்டு விற்க அங்கே இடமே இல்லை.

2014இல் போட்ட முதல் ஒப்பந்தத்தில் 20 ஹெக்டேயரை அந்தக் கம்பனிக்கு முழு உரித்தாகவே கொடுப்பதாக இருந்தது. 2015 மார்ச்சில் புதிய அரசாங்கம் வேலையை நிறுத்தியது. 2016இல் மறுபடி எழுதிய முத்தரப்பு ஒப்பந்தத்தில் அந்த 20 ஹெக்டேயரும் குத்தகையாக மாறிற்று. 1.4 பில்லியன் டொலர் போட்டுக் கடலை நிரப்பியவனுக்கே உறுதி (சொந்தப் பத்திரம்) எழுதிக் கொடுக்கவில்லை. உங்கள் தரகர் எந்த நொத்தாரிசைக் கொண்டு 10 பேர்ச்சுக்கு உறுதி முடிப்பார் என்று கேட்டுப் பாருங்கள்.

அண்மையில் ஒருவர் கொண்டுவந்து காட்டிய முற்பதிவுப் படிவத்தில், மேலே ஒரு கம்பனியின் பெயர் பொன்னெழுத்தில் இருந்தது. கீழே காசு வைப்பிலிட வேண்டிய வங்கிக் கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில். காசு கட்டும் முன் அந்தக் கடைசி வரியைப் பார்த்துவிட்டால் பாதி ஏமாற்று அங்கேயே பிடிபட்டுவிடும்.

நான் பிரித்தானியக் குடியுரிமை எடுத்தவன். அங்கே கட்டப்படும் மாடிக் குடியிருப்பு ஒன்றை வாங்கி வாடகைக்கு விட நினைக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்? (லண்டன் வாசகர்)

உங்கள் கேள்விதான் நின்று பேச வேண்டியது.

முதலில் வருடக் கணக்கு. விளம்பரத்தில் 99 வருடம் என்று இருக்கும். அந்த 99 எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று எழுத்தில் கேளுங்கள். கட்டடம் கட்டுபவர் தன் கையில் இருக்கும் குத்தகையில் மிச்சமுள்ள காலத்துக்கு மேல் ஒரு நாள்கூட உங்களுக்குத் தர முடியாது. கட்டுபவர் கையில் இருக்கும் அந்த மூலக் குத்தகைப் பத்திரத்தின் பிரதியைப் பார்க்காமல் உங்கள் சட்டத்தரணி கையெழுத்து வைக்கச் சொன்னால், சட்டத்தரணியை மாற்றுங்கள். கட்டுபவரே ஒரு சட்டத்தரணியை ‘இலவசமாக’ ஒழுங்கு செய்து தந்தால் அவர் உங்களுடைய ஆள் இல்லை.

இரண்டாவது, காசு போகும் பாதை. நகரத்துக்குள் வாங்கினாலும் வெளியே கொழும்பில் வாங்கினாலும், வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக, உங்கள் பெயரில், ஆவணத்தோடு வர வேண்டும். வெளியே வாங்குகிறவர்கள் இதற்கென்றே உள்ள உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாக அனுப்புவார்கள். நாளைக்கு விற்றுக் காசைத் திருப்பி எடுக்கும்போது, அது வந்த வழியைத்தான் வங்கி முதலில் கேட்கும். வங்கிக்கு வெளியே உண்டியலில் அனுப்பிய காசுக்கு அங்கே பதில் இருக்காது. நம்மவர் பலர் சரியாக இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மூன்றாவது வரி. ‘வரியில்லா வலயம்’ என்பது இலங்கை வரியைப் பற்றிய பேச்சு. அந்தச் சலுகையும் அங்கே உரிமம் எடுத்துத் தொழில் நடத்துபவருக்காக எழுதப்பட்டது. வீடு வாங்குகிற உங்களுக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைத் தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். பிரித்தானியாவில் வசிப்பவர் உலகத்தில் எங்கே வாடகை வாங்கினாலும் அங்கே காட்ட வேண்டும். வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவராதவரை வரியில்லை என்ற பழைய ஏற்பாடும் 2025 ஏப்ரல் 6 உடன் முடிந்துவிட்டது.

கட்டி முடியாத கட்டடத்துக்கு மொத்தக் காசையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். ஒவ்வொரு தளம் எழும்பும்போதும் இவ்வளவு என்று பிரித்து, அதையும் கட்டுபவர் தொட முடியாத தனிக் கணக்கில் வைக்கச் சம்மதித்தால் பேச்சைத் தொடருங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். ரூபாவில் 30 இலட்சம் நிலையான வைப்பில் இருக்கிறது. வட்டி குறைந்துவிட்டது. துறைமுக நகரத்தில் போடலாமா? (யாழ்ப்பாண வாசகர்)

முடியாது ஐயா. முடியாமல் இருப்பது உங்களுக்கு நல்லது. 2021ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் அந்த நகரத்தை வெளிநாட்டு நாணயத்தில் இயங்கும் இடமாகத்தான் அமைத்திருக்கிறது. உள்நாட்டுச் சேமிப்பை அங்கே இழுத்துக்கொண்டு போகக்கூடாது என்பதே ஏற்பாடு. திட்டக் கம்பனி பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டதும் இல்லை. ‘துறைமுக நகரப் பங்கு’ என்று யாராவது விற்றால் அது வேறு ஏதோ.

40 வருடத்துக்கு வரியே இல்லை என்கிறார்களே, உண்மையா? (ரொறன்ரோ வாசகர்)

சட்டம் 2021 மே மாதம் வந்தபோது, கேந்திர முக்கியத்துவம் வாய்ந்த வணிகம் என்று தெரிவு செய்யப்படுபவற்றுக்கு 40 வருடம் *வரை* விலக்கு அளிக்கலாம் என்றது. அந்த ‘வரை’யை விளம்பரக்காரர் விழுங்கிவிடுகிறார்கள். அங்கே போய் ஒரு கடை திறந்தவருக்கெல்லாம் கிடைக்கும் சலுகை இல்லை இது.

அதற்குப் பிறகு நாடு 2022 ஏப்ரலில் கடன் கட்ட முடியாது என்று அறிவித்தது. 2023இல் சர்வதேச நாணய நிதியத்தின் திட்டம் வந்தது. இப்படி அள்ளிக் கொடுக்கும் வரிச் சலுகைகளுக்கு வெளிப்படையான விதி வேண்டும் என்று நிதியம் நெருக்கிக்கொண்டே இருக்கிறது. ஆகவே 2021 கைநூலைக் காட்டி யாராவது பேசினால், எந்தத் தேதியிட்ட வர்த்தமானியின் (அரசிதழின்) கீழ், எத்தனை வருடம், என்ன நிபந்தனையில் என்று கேளுங்கள். முதலீட்டுச் செலவு 1 இலட்சம் கனடா டொலரைத் தாண்டினால் உங்கள் நாட்டில் வருடா வருடம் வெளிநாட்டுச் சொத்தைக் காட்டும் டி1135 படிவமும் நிரப்ப வேண்டிவரலாம். அதைக் கணக்காளரிடம் சொல்லிவையுங்கள்.

நான் சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். அங்கே ஒரு கம்பெனி பதிவு செய்தால் இந்தியாவில் வரி மிச்சமாகுமா? (சென்னை வாசகர்)

வரிக்காக மட்டும் என்றால் வேண்டாம். தனிநபராக நீங்கள் வருடத்துக்கு 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம். வெளிநாட்டு நிறுவனத்தில் பங்கு எடுப்பதற்கு இந்தியாவின் 2022 வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி வங்கியில் தனியாகப் படிவம் கொடுக்க வேண்டும். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும்போது அந்த மேல்தொகைக்கு 20 சதவீதம் வங்கியே பிடித்துக்கொள்ளும். அது பின்னால் உங்கள் வரியில் கழியும் என்றாலும், அதுவரை கைக்காசு முடங்கும். வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்பாமல் விட்டால் அபராதம் 10 லட்சம் வரை போகலாம்.

இலங்கையில் ஆள் எடுத்து, அங்கிருந்தே உண்மையாக வேலை செய்யப்போகிறீர்கள் என்றால் கதை வேறு. அப்போதும் கொழும்பிலேயே சாதாரண அலுவலகம் எடுத்தால் என்ன செலவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சிறிய நிறுவனத்துக்கு அதுதான் பெரும்பாலும் மலிவாக முடிகிறது.

‘துறைமுக நகரத்துக்கு 15 நிமிடம்’ என்று எங்கள் பக்கம் காணி விற்கிறார்கள். விலை ஏறுமா? (வத்தளை வாசகர்)

வலயத்தின் சலுகை வலயத்தின் எல்லையோடு நின்றுவிடும். வத்தளைக் காணிக்கு வத்தளையின் விலைதான். வீதி, தண்ணீர், மழைக்கு வெள்ளம் நிற்கிறதா, முப்பது வருட உறுதி வரிசை ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இவை சரியென்றால் துறைமுக நகரம் வந்தாலும் வராவிட்டாலும் நட்டமில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில் ஓட்டிப் பார்த்தால் அந்த 15 நிமிடம் சரியாக இருக்கலாம்.

மகளுக்கு அங்கே ஒரு கம்பனியில் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் டொலரில் என்கிறார்கள். நம்பிப் போகலாமா? (மட்டக்களப்பு வாசகி)

முதலீட்டுக் கேள்வி இல்லை, ஆனாலும் சொல்கிறேன் அம்மா. உரிமம் பெற்ற நிறுவனங்கள் அங்கே வெளிநாட்டு நாணயத்தில் சம்பளம் கொடுக்கலாம் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. கவனிக்க வேண்டியது வேறொன்று. கேந்திர வணிகம் என்று தெரிவான நிறுவனத்துக்கு விலக்கு அளிக்கக்கூடிய சட்டங்களின் பட்டியலில், 1971ஆம் ஆண்டின் வேலை முடிவுறுத்தல் சட்டமும் உண்டு. வெளியே ஒரு கம்பனி ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஆளை நிறுத்துவதென்றால் பெரும்பாலும் அவரது சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். அங்கே அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போகலாம். நியமனக் கடிதத்தில் எத்தனை மாத முன்னறிவித்தல், நிறுத்தினால் என்ன நட்டஈடு, சேமலாப நிதி கட்டுவார்களா என்ற மூன்றும் எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கையெழுத்து வைக்கும் முன்பே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்தி வைக்கட்டும்.