பேசத் தெரியாதவர்கள்

வணக்கம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாக்குரிமைப் போராட்டம் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் ஆற்றிய உரையைக் கேட்டேன். அந்தப் போராட்டத்தைக் கட்டி எழுப்பிய பெண்கள் மேடைக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள், நிறமும் பாலினமும்தான் காரணம் என்றீர்கள். எனக்கு ஒரு மறுப்பு உண்டு. முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவன் நான். பேச்சுப்போட்டிக்கு எத்தனையோ பிள்ளைகளைத் தயார் செய்திருக்கிறேன். பேசத் தெரிந்தவனிடம் தலைமை தானே வந்து சேரும் என்பது என் அனுபவம். மார்ட்டின் லூதர் கிங்கைத் தலைவராக்கியது அவருடைய நாவன்மை அல்லவா? அவரும் கறுப்பர்தானே? எங்கள் ஊராட்சித் தலைவர் ஒரு பெண். கிராம சபையில் எழுதிக்கொடுத்த தாளைத் தட்டுத் தடுமாறி வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். மிச்சத்தை அவர் கணவர் பேசுவார். அவன் என் மாணவன், நன்றாகவே பேசுவான். அந்தப் பெண்ணுக்கு நாலு மாதம் பேச்சுப் பயிற்சி கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும். இனம், பாலினம் என்ற பெரிய சொற்கள் எதற்கு?

ரா., தென்காசி மாவட்டம்

*

அன்புள்ள ரா. ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் 'அவன் என் மாணவன்' என்பது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில், அன்று உரையில் நேரமில்லாமல் நான் விட்டுவிட்ட ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃபேனி லூ ஹேமர். 1917ல் மிசிசிப்பி மாநிலத்தில், குத்தகைப் பருத்திக் காட்டில் உழைத்த ஒரு குடும்பத்தில் இருபதாவது பிள்ளையாகப் பிறந்தவர். ஆறு வயதில் பஞ்சு எடுக்கத் தொடங்கினார். பள்ளிக்குப் போனது சில ஆண்டுகள்தான், அதுவும் பருத்தி வேலை இல்லாத மாதங்களில். ஆனாலும் எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பதால் பண்ணையில் அவருக்குக் கணக்கு எழுதும் வேலையும் கிடைத்தது. 1961ல் கருப்பைக் கட்டியை அகற்ற அறுவை சிகிச்சைக்குப் போனவருக்கு, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கருப்பையையே எடுத்துவிட்டார்கள். தென்மாநிலங்களில் கறுப்பினப் பெண்களுக்கு இது அடிக்கடி நடந்தது. 'மிசிசிப்பி குடல்வால் அறுவை' என்று அதற்கு ஹேமர் ஒரு கசப்பான பெயர் வைத்தார்.

மறு ஆண்டு ஆகஸ்டில், வாக்குரிமை பற்றி ஊர்த் தேவாலயத்தில் நடந்த கூட்டத்துக்குப் போனார். கறுப்பர்களுக்கு வாக்குரிமை இருக்கிறது என்பதையே அவர் தம் நாற்பத்து நான்காம் வயதில் அங்கேதான் கேள்விப்பட்டார். அந்த மாதக் கடைசியில் பதினெட்டுப் பேர் ஒரு பழைய பஸ்ஸில் இண்டியனோலா என்ற ஊருக்குப் போனார்கள், பெயரைப் பதிவு செய்ய. அங்கே ஒரு தேர்வு வைத்தார்கள். மாநில அரசியல் சட்டத்திலிருந்து ஒரு பிரிவை எடுத்து, அதைப் பார்த்து எழுதிப் பொருள் விளக்க வேண்டும். ஹேமருக்கு வந்தது 'டி ஃபேக்டோ', அதாவது நடைமுறையில் மட்டும் இருக்கும், சட்டங்கள் பற்றிய பிரிவு. 'கிறிஸ்துமஸைப் பற்றிக் குதிரைக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் எனக்கும் தெரியும்' என்று பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்வார்.

ஐயா, நீங்கள் எத்தனையோ தேர்வுத்தாள்கள் திருத்தியவர். இந்தத் தேர்வில் விடை சரியா தவறா என்று முடிவு செய்பவர் பதிவு அலுவலர் ஒருவர்தான். அவர் வெள்ளையர். எழுத்துத் தடுமாறும் வெள்ளைக்காரருக்கு எளிய பிரிவைக் கொடுத்துத் தேற்றிவிடுவார். கறுப்பினப் பள்ளி ஆசிரியர்கள்கூட இந்தத் தேர்வில் தோற்றிருக்கிறார்கள். 1964ல் மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதுள்ள கறுப்பர்களில் பதிவு செய்திருந்தவர்கள் சுமார் 6.7 சதவீதம். 1967ல் அது ஏறத்தாழ 60 சதவீதம். இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் மிசிசிப்பி மக்கள் எல்லாரும் சட்டப் புலவர்கள் ஆகிவிடவில்லை. 1965ல் வந்த வாக்குரிமைச் சட்டம் அந்தத் தேர்வை நிறுத்திவைத்தது.

ஹேமரின் அன்றைய நாள் தேர்வோடு முடியவில்லை. திரும்பும் வழியில் போலீஸ் பஸ்ஸை மறித்தது. பஸ்ஸின் மஞ்சள் நிறம் கூடுதலாக இருக்கிறதாம், ஓட்டுநருக்கு அபராதம். (இப்படியொரு குற்றத்தைக் கற்பனைக் கதையில் எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.) உள்ளே இருந்தவர்கள் நடுங்கிப்போனார்கள். பஸ்ஸின் பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் தேவாலயப் பாட்டொன்றைத் தொடங்கியது. மற்றவர்கள் சேர்ந்து பாடினார்கள். அந்தக் குழுவுக்குத் தலைவர் யார் என்று யாரும் வாக்கெடுக்கவில்லை. அந்தப் பஸ்ஸில் அது தெரிந்துபோயிற்று.

அன்று இரவே பண்ணைக்காரர் வந்தார். பதிவு விண்ணப்பத்தை வாபஸ் வாங்கு, இல்லையென்றால் வெளியே போ என்றார். 'உங்களுக்காக நான் பதிவு செய்யப் போகவில்லை, எனக்காகத்தான் போனேன்' என்று பதில் சொன்னார் ஹேமர். பதினெட்டு ஆண்டு உழைத்த இடத்திலிருந்து அந்த இரவே வெளியேற வேண்டியிருந்தது. இந்த ஒரு வாக்கியத்துக்கு உங்கள் பேச்சுப்போட்டியில் எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். உவமை இல்லை, எதுகை மோனை இல்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். கிங்கின் நாவன்மை பற்றி எனக்கும் மறுபேச்சு இல்லை. ஆனால் அந்த நா எங்கே பழகியது? அவருடைய தந்தை போதகர், தாயைப் பெற்ற பாட்டனும் போதகர், ஒரே தேவாலயத்தில். கல்லூரி, இறையியல் பள்ளி, பாஸ்டனில் முனைவர் பட்டம். சிறு வயதிலிருந்து ஒரு பிரசங்க மேடை அவருக்காகக் காத்திருந்தது. ஹேமரின் தந்தையும் பாப்டிஸ்ட் போதகர்தான். மகள் அதே வேத வசனங்களை, அதே ஏற்ற இறக்கங்களை வீட்டிலேயே கேட்டு வளர்ந்தார். ஆனால் அந்த மேடை மகள்களுக்கு இல்லை. பாடகர் வரிசை உண்டு, சமையற்கட்டு உண்டு, நிதி திரட்டும் சங்கம் உண்டு. கிங்கும் கறுப்பர்தானே என்று கேட்கிறீர்கள். ஆம். அவர் முன்னால் மூடியிருந்த கதவுகளில் ஒன்று குறைவு, அவ்வளவுதான் நான் சொல்வது.

1963 ஆகஸ்ட் 28ல் வாஷிங்டனில் அவர் ஆற்றிய புகழ்பெற்ற உரையை உங்கள் மாணவர்கள் மனப்பாடம் செய்திருப்பார்கள். அன்றைய முக்கியப் பேச்சாளர் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லை. ஏற்பாட்டுக் குழுவில் இருந்த ஒரே பெண் அன்னா ஆர்னால்ட் ஹெட்ஜ்மன் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு, 'கறுப்பினப் பெண் போராளிகளுக்கு அஞ்சலி' என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அதில் டெய்சி பேட்ஸ் ஒன்றிரண்டு நிமிடம் பேசினார். ஆர்க்கன்சாவில் வெள்ளையர் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பினப் பிள்ளைகளைக் கொண்டுசேர்த்தவர் அவர். பேசத் தெரியாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. டோரதி ஹைட் இளம் வயதில் பேச்சுப்போட்டியில் வென்று கல்லூரி உதவித்தொகை பெற்றவர், உங்கள் மாணவர்களைப் போல. அன்று மேடையில் அவர் உட்கார்ந்திருந்தார். பேசச் சொல்லவில்லை.

நீங்கள் சொல்லும் பயிற்சி இவர்களிடம் இருந்தது. போதவில்லை.

மறு ஆண்டு, 1964 ஆகஸ்ட் 22. அட்லாண்டிக் சிட்டியில் ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாடு. வெள்ளையர் மட்டுமே இருந்த மிசிசிப்பிக் குழுவை ஏற்கக் கூடாது, எங்களுக்கே இருக்கை வேண்டும் என்று, மிசிசிப்பியில் கறுப்பர்கள் முன்னின்று தொடங்கிய புதிய சுதந்திர ஜனநாயகக் கட்சியிலிருந்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் வந்திருந்தார்கள். விசாரணைக் குழு முன் ஹேமர் சாட்சி சொன்னார். 'என் பெயர் திருமதி ஃபேனி லூ ஹேமர்' என்றுதான் தொடங்கினார். அந்தத் 'திருமதி'யைக் கவனியுங்கள். மிசிசிப்பி வெள்ளையர்கள் கறுப்பினப் பெண்ணை எத்தனை வயதானாலும் பெயர் சொல்லியோ 'ஆன்ட்டி' என்றோதான் அழைப்பார்கள். யாரை 'வாங்க' என்பது, யாரை 'வா' என்பது என்று பார்த்துப் பார்த்துப் பேசும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு வினோனா என்ற ஊரின் சிறையில் தானும் தோழியரும் அடிபட்டதைச் சொன்னார். பக்கத்து அறையில் ஒரு பெண்ணை அடித்தபடி, 'எஸ் சார் என்று சொல்லத் தெரியுமா?' என்று போலீஸ்காரர்கள் கேட்கிறார்கள். 'தெரியும்' என்கிறாள் அவள். 'அப்படியானால் சொல்.' 'உங்களை எனக்கு அவ்வளவு பழக்கமில்லை.' அடி தொடர்கிறது. பேசத் தெரியுமா என்ற கேள்விக்கு, ஐயா, இப்படியும் ஒரு பொருள் இருந்திருக்கிறது.

பத்து நிமிடம்கூட இல்லாத அந்தச் சாட்சியத்தின் நடுவில் தொலைக்காட்சிகள் வெள்ளை மாளிகைக்குத் தாவின. ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் அவசரமாக நிருபர்களைக் கூட்டியிருந்தார். அப்படி ஒன்றும் அவசரச் செய்தி இல்லை. உலகின் மிகப் பெரிய பதவியில் இருந்தவர், பருத்திக் காட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணின் பேச்சுக்கு அஞ்சிக் காமிராவைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். இரவுச் செய்திகளில் ஹேமரின் பேச்சை முழுவதும் ஒளிபரப்பினார்கள், இன்னும் கூடுதல் பேர் பார்த்தார்கள் என்பது வேறு கதை.

பிறகு சமரசம் பேசினார்கள். இரண்டு இருக்கை தருகிறோம், உட்காரப் போகிறவர்களையும் நாங்களே சொல்கிறோம் என்றார்கள். சொன்ன இருவரும் ஆண்கள். அந்தப் 'படிப்பறிவில்லாத பெண்' மாநாட்டு அரங்கில் பேச ஜனாதிபதி விடமாட்டார் என்று பேச்சுவார்த்தையில் சொல்லப்பட்டதாக, உடனிருந்தவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். இத்தனை பேர் இவ்வளவு தூரம் வந்தது இரண்டு நாற்காலிக்காக அல்ல என்று ஹேமர் மறுத்துவிட்டார். அதை அவர் சொன்ன ஆங்கிலத்தில் இலக்கணப் பிழை இருந்தது. ஜான்சனைக் கலங்கடித்ததும் அதே ஆங்கிலம்தான்.

பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். இந்தப் போராட்டத்தின் மிகப் பெரிய வேலையே ஒரு பயிற்சிதான். செப்டிமா கிளார்க் என்ற ஆசிரியை, உங்களைப் போலவே வாழ்நாளெல்லாம் பாடம் சொன்னவர். கறுப்பர் உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கிறேன் என்பதை மறைக்க மறுத்ததால் 1956ல் தென் கரோலினாவில் வேலையையும் ஓய்வூதியத்தையும் இழந்தார். அடுத்த ஆண்டு ஜனவரியில், ஜான்ஸ் தீவில் ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் முதியோருக்கான குடியுரிமைப் பள்ளி தொடங்கியது. அந்தத் தீவின் மக்கள் பேசியது கல்லா என்ற மொழி. வெளியார் அதைக் கொச்சை ஆங்கிலம் என்று ஏளனம் செய்வார்கள். கிளார்க் அங்கே பாடம் நடத்தத் தேர்ந்தெடுத்தது பட்டம் பெற்ற ஆசிரியரை அல்ல, அழகு நிலையம் நடத்திவந்த தன் உறவுப் பெண் பெர்னிஸ் ராபின்சனை. பட்டம் பெற்றவர்கள் இந்த மக்களின் பேச்சைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும், தானும் ஆசிரியைதானே.

முதல் நாள் ராபின்சன் அவர்களிடம், நான் ஆசிரியை இல்லை, நாம் சேர்ந்து கற்போம் என்றார். என்ன கற்க வேண்டும் என்று அவர்களையே கேட்டார். பெயர் எழுத வேண்டும், பைபிள் வாசிக்க வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும். அதிலிருந்துதான் பாடம் தொடங்கியது. பிறகு தென்மாநிலங்கள் எங்கும் நூற்றுக்கணக்கான பள்ளிகள். ஹேமரும் அவற்றில் பயிற்சி பெற்றவர்தான். வினோனாவில் கைதானது அப்படி ஒரு பயிற்சி முடிந்து திரும்பும்போது. இதையெல்லாம் செய்த கிளார்க், கிங்கின் அமைப்பின் செயற்குழுவில் உட்கார்ந்தபோது, இந்த அம்மாள் இங்கே எதற்கு என்று சக தலைவர் ஒருவர் கேட்டாராம். கிளார்க்கே இதை எழுதியிருக்கிறார், அதிகக் கோபமில்லாமல். எனக்குத்தான் வாசிக்கும்போது கோபம் வந்தது.

கோபப்பட எனக்கு யோக்கியதை குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் வாய்க்கால் நீர் மாசுபடுவது பற்றிய கூட்டத்துக்கு நான் தலைமை. வயலில் கூலி வேலை செய்யும் ஒரு பாட்டி எழுந்து தன் மாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார். எந்தச் சந்தையில் வாங்கியது, எத்தனை கன்று போட்டது என்று போய்க்கொண்டே இருந்தது. 'விஷயத்துக்கு வாங்கம்மா' என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது வேறொருவர் சொன்னார், அந்த மாடு வாய்க்கால் தண்ணீரைக் குடித்துத்தான் செத்ததாம். அன்று நாங்கள் நிறைவேற்றிய தீர்மானம் நல்ல தமிழில் இருந்தது. அதில் அந்த மாடு இல்லை.

உங்கள் ஊராட்சித் தலைவருக்கு வருவோம். மிசிசிப்பியும் தென்காசியும் ஒன்றல்ல, அந்தச் சிறைகளை உங்கள் கிராம சபையோடு ஒப்பிடுவது அபத்தம். ஆனால் தாளை எழுதிக்கொடுப்பது யார் என்று நீங்கள் எழுதவில்லை. அவர் தன் தெருப் பெண்களோடு குழாயடியில் பேசும்போது தடுமாறுகிறாரா என்றும் எழுதவில்லை. அங்கே தடுமாறமாட்டார் என்று பந்தயம் கட்ட நான் தயார்.

ஆகஸ்ட் 15 அன்று கிராம சபை கூடும். தலைவர் வாசித்து முடித்ததும் வழக்கம்போல அவர் கணவர் மைக்கை வாங்க எழுந்திருப்பார். அவர் உங்கள் மாணவர். அந்த ஊரில், 'நீ உட்காரப்பா' என்று அவரிடம் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். சொல்லிவிட்டு, அந்தப் பெண் தாளை மடித்து வைக்கும்வரை கொஞ்சம் பொறுத்திருங்கள். என்ன பேசினார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.