கவராயம் வரைந்த வட்டமும் கண் காணும் வட்டமும்

கேள்வி: வட்டத்தையும் நேர்கோட்டையும் மட்டும் கொண்டு, வருங்காலத் தோற்றமுள்ள ஆங்கில எழுத்துரு ஒன்றை வரைந்து வருகிறேன். எல்லா எழுத்துகளும் ஒரே உயரம், எல்லாக் கோடுகளும் ஒரே தடிமன். ஆனாலும் பெரிய ‘ஓ’, பக்கத்திலுள்ள ‘எச்’சைவிடச் சிறியதாகத் தெரிகிறது. எதைத் திருத்த வேண்டும்? இதையே நூலின் உட்பக்கங்களுக்கும் பயன்படுத்தலாமா?

பதில்: நீங்கள் அளந்தது சரியாகவே இருக்கும், ஆனால் அளவுகோல் சொல்வதைக் கண் அப்படியே ஏற்பதில்லை. ‘எச்’ தன் கால்களை அடிக்கோட்டில் தட்டையாக ஊன்றி நிற்கிறது. ‘ஓ’வோ அதே கோட்டை ஒரு புள்ளியில் மட்டும் தொடுவதால், அதன் உயரம் குறைந்ததாகவே கண் கணக்கிடுகிறது. எனவே வட்டமான எழுத்துகளை மேலும் கீழும் சிறிதளவு, ஏறக்குறைய உயரத்தில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை, கோட்டைத் தாண்டவிடுங்கள். கிடைக்கோடும் செங்குத்துக்கோடும் ஒரே தடிமனில் இருந்தால் கிடைக்கோடே தடித்துத் தெரியும் என்பதால், அதைச் சற்று மெலிதாக்குங்கள். வளைவு தண்டோடு, அதாவது எழுத்தின் செங்குத்துக்கோட்டோடு, சேரும் இடத்தையும் மெலிதாக்க வேண்டும்; இல்லையேல் சிறிய அளவில் அச்சிடும்போது அங்கே கருந்திட்டு விழும்.

பால் ரென்னர் வடிவமைத்து, ஜெர்மனியின் பவர் எழுத்து வார்ப்பகம் 1927இல் வெளியிட்ட ‘ஃபியூச்சுரா’வைப் பெரிதாக்கிப் பாருங்கள். கவராயத்தால் வரைந்தது போலத் தோன்றும் அந்த எழுத்துருவில் இந்தத் திருத்தங்கள் எல்லாமே இருக்கின்றன. ஒரு தண்டையும் ஒரு புள்ளியையும் மட்டுமே கொண்ட சிறிய ‘ஆர்’ போன்ற தூய வடிவங்களை ரென்னர் தொடக்கத்தில் முயன்றார். இன்று பரவலாகப் புழங்கும் ஃபியூச்சுராவில் அந்த வடிவம் இல்லை. அந்தத் துணிச்சலான ‘ஆர்’ எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் விட்டது சரியே என்றும் எண்ணுகிறேன்.

வருங்காலத் தோற்றத்துக்கு வட்டம் மட்டுமே வழியன்று. அலெசாந்திரோ பூட்டியும் ஆல்டோ நோவாரேசேயும் 1952இல் உருவாக்கிய ‘மைக்ரோகிராமா’வில் பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன, சிறிய எழுத்துகளையும் சேர்த்து 1962இல் நோவாரேசே ‘யூரோஸ்டைல்’ தந்தார். முனை மழுங்கிய சதுரம் போன்ற அதன் வளைவுகள் அக்காலத் தொலைக்காட்சித் திரையை நினைவூட்டுவதால்தான், இன்றும் கருவிகளுக்கும் விண்வெளிக் கதைகளுக்கும் அது பொருந்துகிறது.

உட்பக்கங்களுக்கு உங்கள் எழுத்துருவைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே வட்டம் திரும்பத் திரும்ப வரும்போது சிறிய ‘ஏ’, ‘ஓ’, ‘சி’ மூன்றும் ஒன்றையொன்று ஒத்துப்போய், சொல்லின் வடிவத்தைக் கண் பிடிக்கத் தடுமாறும். பெரிய ‘ஐ’க்கும் சிறிய ‘எல்’லுக்கும் ஒன்று என்ற எண்ணுக்கும் வேறுபாடு மங்கும். தலைப்பு, சுவரொட்டி, சின்னம் ஆகியவற்றுக்குத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். 1969இல் அப்பல்லோ 11 நிலவில் விட்டுவந்த பலகையின் வாசகம் ஃபியூச்சுராவின் பெரிய எழுத்துகளில்தான் இருக்கிறது: சில வரிகளே, எழுத்துக்கு எழுத்து நல்ல இடைவெளி.

திருத்தியபின் தாளில் அச்சிட்டு, தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். சொல்லாகப் படிக்க முடியாதபோது வடிவம் மட்டுமே கண்ணில் படும். ‘ஓ’ இன்னும் சிறுத்துத் தெரிந்தால் மேலும் சற்றுத் தாண்டவிடுங்கள்.