எட்டாத உயரத்துல கிளோ சைன் போர்டு, முகப்பு ஷீட் மாத்தறது எப்படி: கேள்வி பதில்

கிளோ சைன் போர்டு (உள்ள லைட் எரியிற பெட்டி போர்டு) முகப்பு மாத்தறதப் பத்தி கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், வந்ததுக்கெல்லாம் வரிசையா எழுதறேன். எதுக்கும் முன்னாடி ஒண்ணு, போர்டுல கை வெக்கிறதுக்கு முன்னாடி மெயின் பிரேக்கர ஆஃப் பண்ணுங்க, டெஸ்டர் வெச்சு பாருங்க.

கே: ரெண்டாவது மாடி உயரத்துல 10 அடிக்கு 3 அடி போர்டு. ஷீட் நடுவுல கீறிடுச்சு. வலது பக்கம் ஒரு ஜாண்ல பக்கத்து சுவர், இடது பக்கம் ஏசி பெட்டி. எப்படி கழட்டறது?

ப: நல்ல கேள்வி. இந்த மாதிரி பெட்டியில பெரும்பாலும் மூணு பக்க ஆங்கிள் (ஷீட்ட ஓரத்துல பிடிக்கிற எல் வடிவ பட்டை) நிலையா இருக்கும், ஒரு பக்கம் மட்டும் ஸ்க்ரூ போட்டது, அதை எடுத்துட்டு ஷீட்ட பள்ளத்துலயே நகர்த்தி வெளிய இழுக்கணும். பக்கவாட்டுல இழுக்கணும்னா 10 அடி ஷீட்டுக்கு 10 அடி காலி இடம் வேணும், உங்ககிட்ட அது இல்ல. பழசு எப்படியும் போனதுதான், உள்ளயே துண்டு துண்டா வெட்டி எடுத்துடலாம், புதுசு போடறதுலதான் சிக்கல். மேல் ஆங்கிள் ஸ்க்ரூவா ரிவெட்டான்னு முதல்ல பாருங்க, ரிவெட்டா இருந்தாலும் டிரில் பண்ணி எடுத்துட்டு மேலேர்ந்து இறக்கிடலாம், அதுதான் சுலபம். மேல சன்ஷேடு இடிச்சா 3 மி.மீ. பாலிகார்பனேட்ட (வளையற பிளாஸ்டிக் ஷீட்) பாய் சுருட்டுற மாதிரி லேசா வளைச்சு உள்ள விடலாம், ஆனா வளைவோட ஆரம் ஷீட் கனத்துல 100 மடங்குக்கு குறையக்கூடாது, அதாவது 3 மி.மீ.க்கு 30 செ.மீ., யூவி கோட்டிங் (வெயில் தாங்கற பூச்சு) இருந்தா இன்னும் தாராளமா விடுங்க. அக்ரிலிக்க இப்படி வளைச்சா கையிலயே உடைஞ்சுடும். எதுவும் முடியலன்னா ரெண்டு துண்டா போட்டு நடுவுல ஹெச் சேனல் (ரெண்டு பக்கமும் ஷீட்ட சொருகற பட்டை). ராத்திரி அந்த இணைப்பு கருப்பு கோடா தெரியும், அதனால அது ரெண்டு எழுத்துக்கு நடுவுல விழற மாதிரி டிசைன்லயே பார்த்துக்கோங்க.

அளவு எடுக்கும்போது மேல, நடுவுல, கீழ மூணு இடத்துலயும் எடுங்க, மூலைக்கு மூலையும் பாருங்க. பழைய பெட்டி நேரா இருக்கும்னு நம்பி வெட்டிட்டா மேல போனப்புறம் உள்ள போகாது.

கே: ஆடாம இருக்க கரெக்ட் சைஸ்ல வெட்டலாமா?

ப: கூடவே கூடாது. அக்ரிலிக், பாலிகார்பனேட் ரெண்டுமே ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரி சூட்டுக்கு கிட்டத்தட்ட 0.07 மி.மீ. நீளும். 3 மீட்டர் ஷீட்டுக்கு 30 டிகிரி ஏறினா 6 மி.மீ.க்கு மேல. இடம் இல்லன்னா ஷீட் வயிறு தள்ளும் இல்ல மூலையில கீறும். 10 மி.மீ. குறைச்சு வெட்டுங்க. குளிர்ல சுருங்கினாலும் காத்து அடிச்சாலும் வெளிய வராத அளவுக்கு ஆங்கிள் ஷீட்ட மூடியிருக்கணும்.

கே: எத்தனை எம்எம் ஷீட் போடணும்?

ப: உயரம் 3 அடிக்குள்ளன்னா 3 மி.மீ. போதும், அதுக்கு மேல 4 இல்ல 5. எட்டாத இடத்துக்கு நான் பாலிகார்பனேட்தான் சொல்வேன், லேசுல உடையாது. யூவி கோட்டிங் உள்ள பக்கம் வெயில பார்த்து இருக்கணும், திருப்பி போட்டா மஞ்சளாயிடும்.

கே: சுத்தி சிலிக்கான் அடிச்சா தண்ணியே வராதே, என் போர்டு அப்படித்தான் வருஷக்கணக்கா நிக்குது.

ப: உங்க போர்டு எவ்வளவு நீளம் சொல்லுங்க.

கே: 2 அடி.

ப: அதான் நிக்குது. 2 அடிக்கு நீட்சி ஒரு மி.மீ. சொச்சம், அதை சிலிக்கான் இழுத்து தாங்கிக்கும். அதையே 10 அடிக்கு செஞ்சா ஷீட் நகர வழியில்லாம மூலையில கீறல் விழும். இன்னொண்ணு, வினிகர் வாசனை அடிக்கிற சிலிக்கான் பாலிகார்பனேட்ட பாதிக்கும், நியூட்ரல் ரகம்தான் வாங்கணும்.

கே: சரி, தண்ணிக்கு என்ன பண்றது?

ப: எவ்வளவு அடைச்சாலும் உள்ள ஈரம் சேரும், பகல்ல சூடாகி ராத்திரி குளிரும்போது தகரத்துல வேர்க்கும். அது எஸ்எம்பிஎஸ் (எல்ஈடிக்கு கரண்ட் குடுக்கற பெட்டி) மேல சொட்டாம கீழ் தட்டுல ஓட்டை வழியா வடியணும். தகரமும் தகரமும் சேர்ற மேல் இணைப்புல தாராளமா சிலிக்கான் அடிங்க, ஷீட் ஓரத்துலயும் கீழ் ஓட்டையிலயும் மட்டும் வேண்டாம்.

கே: (வேறொருத்தர்) ஓட்டை விட்டா பூச்சி வந்து உள்ள செத்து கருப்பா தெரியுதே?

ப: நியாயம்தான். உள்பக்கம் கொசுவலை ஒட்டுங்க. அதுக்காக ஓட்டைய அடைக்காதீங்க.

கே: பழைய பசைய தின்னர் போட்டு எடுக்கலாமா?

ப: வேண்டாம், ஷீட்ல மெல்லிசா வெடிப்பு ஓடும். சோப்பு தண்ணி, மெத்துனு துணி போதும்.

கே: எத்தனை எம்எம் ஷீட்?

ப: மேல இருக்கு, படிங்க.

கே: பகல்ல லைட் எரியலையே, அப்புறமும் மெயின் ஆஃப் பண்ணணுமா?

ப: ஆமா. நிறைய போர்டுல வெளிச்சம் பார்த்து எரியிற சென்சார் இருக்கு. நீங்க ஷீட்ட தூக்கி நிறுத்துறப்ப அந்த நிழல் சென்சார் மேல விழும், உங்க கை உள்ள வயர் பக்கம் இருக்கும்போதே கரண்ட் வந்துடும். டைமர் போட்டிருந்தாலும் நேரம் வந்ததும் தானா கரண்ட் வந்துடும். பிரேக்கர்ல துணைக்கு ஒரு ஆள நிறுத்துங்க.

கே: ஏணி போட்டு தனியா பண்ணிடலாமா?

ப: முடியாது. 10 அடிக்கு 3 அடி ஷீட் எடை 10 கிலோதான், ஆனா ஒரு காத்து அடிச்சா உங்களையும் சேர்த்து இழுத்துட்டு போகும். ஏணிய பிடிக்க ஒரு கை வேணும், ஷீட்டுக்கு ரெண்டு கை வேணும். சாரம் கட்டுங்க இல்ல லிஃப்ட் வண்டி எடுங்க, ரெண்டு பேர் இருங்க, காத்து இருந்தா அன்னிக்கு வேலைய விட்டுடுங்க.

கே: புது ஷீட் போட்டும் எல்ஈடி புள்ளி புள்ளியா தெரியுது.

ப: எல்ஈடி மாட்யூலுக்கு (எல்ஈடி பதிச்ச சின்ன துண்டு) நடுவுல விட்ட இடைவெளி பெட்டி ஆழத்த விட அதிகமா இருக்கும். நெருக்கி ஒட்டுங்க.

கே: என்னோடது நியான், அதுக்கும் இதேதானா?

ப: இல்ல. நியான் டிரான்ஸ்ஃபார்மர்ல 15,000 வோல்ட் வரைக்கும் வரும். நியான் வேலை தெரிஞ்சவர கூப்பிடுங்க, நீங்க திறக்காதீங்க.

கே: ஷீட் மேல இருக்கற கவர் ஃபிலிம எப்ப உரிக்கறது?

ப: மாட்டின அன்னிக்கே. வெயில்ல விட்டா ஒட்டிப்போய் சுரண்டித்தான் எடுக்கணும். ஓரத்துல மட்டும் மாட்டறதுக்கு முன்னாடியே ரெண்டு விரல் அகலம் உரிச்சுடுங்க, பள்ளத்துக்குள்ள மாட்டிக்கிட்டா கிழிஞ்சு பாதி உள்ளயே நிக்கும்.