சோலைமந்தியா, தகாகியா பாசியா?

அழியும் நிலையிலுள்ள ஒரு பாசியையும் ஒரு குரங்கையும் ஒப்பிட்டால் எதன் பாடு மோசம் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த இரண்டை எடுத்துக்கொள்கிறேன்: சிங்கவால் குரங்கு என்கிற சோலைமந்தி, தகாகியா என்கிற பாசி. பாசி என்றதும் குளத்தில் மிதப்பதை நினைக்க வேண்டாம். மழைக்காலத்தில் கிணற்றுச் சுவரில் மெத்தைபோலப் படருமே, அந்த வகை.

சிக்கல் தலை எண்ணுவதிலேயே ஆரம்பிக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் சோலைமந்தி காட்டில் சுமார் 4000தான் மிச்சம். பாசியில் ஒன்று எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது? எந்த உயிர் அழியும் நிலையில் இருக்கிறது என்று சொல்லும் உலகளாவிய சிவப்புப் பட்டியலுக்காக ஆய்வாளர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தரையில் வளர்வதென்றால் ஒரு சதுர மீட்டர் ஓர் 'ஆள்', மரத்தில் வளர்வதென்றால் ஒரு மரம் ஓர் 'ஆள்'. படித்தபோது சிரிப்பு வந்தது. ஆனால் வேறு எப்படித்தான் எண்ணுவது?

வால்பாறை புதுத்தோட்டத்தில் மந்திக் கூட்டம் சாலையைக் கடப்பதைப் பார்த்திருக்கிறேன். தலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருந்தார்கள். குட்டியை வயிற்றோடு ஒட்டவைத்துக்கொண்டு ஒரு தாய் அதைச் சட்டைசெய்யாமல் தார்ச்சாலையிலேயே நடந்தது. அங்கே நின்ற காவலர் கையைக் காட்டி எங்கள் வண்டியை நிறுத்தினார். தேயிலைக்கு நடுவே காடு துண்டு துண்டாகிப் போனதுதான் அதன் துயரம். ஆனாலும் பாலம் கட்டலாம், மரம் நடலாம். பரிந்து பேசவும் ஆள் உண்டு. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை வராமல் போனதற்கும், 1984இல் அது தேசியப் பூங்கா ஆனதற்கும் இந்தக் குரங்கு ஒரு முக்கியக் காரணம். அந்தக் காட்டுப் பாசிகளும் குரங்கின் புண்ணியத்தில் பிழைத்தன.

தகாகியாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 39 கோடி ஆண்டு பழைய வம்சம். அது குடியிருக்கும் இமயமலையே அப்புறம் எழுந்ததுதான். திபெத்தில் 4000 மீட்டருக்கு மேலே, வருடத்தில் எட்டு மாதம் பனிக்கு அடியில், மிச்ச மாதங்களில் கடுமையான புற ஊதாக் கதிரில் கிடக்கிறது. அத்தனையும் தாங்கியது, இப்போது ஏறும் வெப்பத்தைத் தாங்கவில்லை. 2023இல் 'செல்' ஆய்விதழில் வந்த கட்டுரைப்படி, ஆய்வு நடந்த இடத்தில் அது ஆண்டுக்குச் சுமார் 1.6 சதவீதம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

அதனால் பாசியின் பாடுதான் மோசம் என்பேன். அங்கே வேலி போட்டும் பயனில்லை, காவலர் வைத்தும் பயனில்லை. சரி, குளிர் தேடி இன்னும் மேலே போகட்டுமே என்றால், மலை ஓர் உச்சியோடு முடிந்துவிடுகிறது.