கேமிங் கணினிக்கு எத்தனை வாட் பவர் சப்ளை வேண்டும்?

சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றிப் பாகங்களுக்குக் கொடுக்கும் பெட்டிதான் பவர் சப்ளை. அதில் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுக்கும் பிராசஸருக்கும் போகிறது, மற்றதெல்லாம் சொற்பம்.

எல்லாப் பாகங்களும் இழுக்கும் வாட்டைக் கூட்டினால் 450 வாட் வருகிறதா? சரி, அதற்காக 450 வாட் பெட்டியே வாங்கிவிடாதீர்கள். விளையாட்டின் நடுவே கிராபிக்ஸ் கார்டு சில மில்லிவினாடிகளுக்கு வழக்கத்தைவிட மிக அதிகமாக இழுக்கும். சப்ளையால் தாங்க முடியாவிட்டால் பாதுகாப்புக்காக அதுவே அணைந்துவிடும். திரை கறுத்து, கணினி நின்றுபோகும். விளிம்பு வரை நிரப்பிய குடம் நடக்கும்போது தளும்புவது போலத்தான். 650 வாட் எடுங்கள். கேபினட்டின் வண்ண விளக்குகளில் மிச்சம் பிடிக்கலாம், இதில் வேண்டாம்.

அப்புறம், 850 வாட் சப்ளை எப்போதும் 850 வாட் இழுக்காது. பாகங்கள் கேட்பதோடு, மாற்றும்போது வெப்பமாக வீணாவதையும் சேர்த்து மட்டுமே இழுக்கும்.