ஜெனீவாவில் பேசினால் மண்டபத்துக்கு என்ன?

(வாசகர் கேள்வி - பதில். இந்த இதழில் வந்த கேள்விகள் பெரும்பாலும் கடல் வாணிபத்தையும் பருவநிலை ஒப்பந்தங்களையும் பற்றியவை. பதில் எழுதுபவர் கீழக்கரைக்காரர். மீன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் ஆவணப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.)

அண்ணே, மீனவர்களுக்கு டீசல் மானியம் தரக்கூடாது என்று உலக வர்த்தக அமைப்பு சட்டம் போட்டுவிட்டதாமே? எங்களுக்கு நின்றுவிடுமா?
— விசைப்படகுத் தொழிலாளி, மண்டபம்

நிற்காது தம்பி. டீக்கடையில் சொன்னவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்.

2022 ஜூன் 17 அன்று ஜெனீவாவில் உலக வர்த்தக அமைப்பின் கூட்டத்தில் மீன்பிடி மானியம் பற்றி ஓர் ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. மூன்றில் இரண்டு பங்கு உறுப்பு நாடுகள் ஒப்புதல் கொடுத்ததும் 2025 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றைய பட்டியலில் இந்தியா இல்லை. அது தடுப்பது மூன்று விஷயங்களை. சட்டத்துக்குப் புறம்பாக மீன் பிடிப்பவர்களுக்கு மானியம் கூடாது. ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடித்துக் குறைந்துபோன மீன் இனத்தைப் பிடிக்க மானியம் கூடாது. யாருடைய கண்காணிப்பும் இல்லாத நடுக்கடலில் பிடிக்க மானியம் கூடாது. டீசல் வரிவிலக்கை ஒட்டுமொத்தமாக எடு என்று அதில் எங்கும் இல்லை.

உண்மையான சண்டை இரண்டாவது பாதியில் இருக்கிறது. படகுகளின் எண்ணிக்கையையும் எஞ்சின் பலத்தையும் அளவுக்கு மீறி வளர்க்கிற மானியத்தைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு அது. 2024-இல் அபுதாபியில் கூடியபோதும் முடிவு வரவில்லை. வளரும் நாடுகளுக்கு 25 ஆண்டு அவகாசம் வேண்டும், தூரக்கடலுக்குக் கப்பல் கப்பலாக அனுப்பும் நாடுகள் முதலில் நிறுத்தட்டும், மானியத்தை ஒரு மீனவருக்கு எவ்வளவு என்று தலைக்கணக்கில் பாருங்கள் என்பது நம் நாட்டின் வாதம். நியாயமான வாதம்தான், எனக்கு அதில் மறுப்பில்லை.

ஆனால் அங்கே நாம் காட்டும் அந்த ஏழை மீனவர் யார்? வள்ளத்துக்காரர், அதாவது சின்ன நாட்டுப்படகுக்காரர். இங்கே கணக்கு எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். 2023 ஆகஸ்டில் உங்கள் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் அறிவித்தார்கள்: வரிவிலக்கு டீசல் விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டரிலிருந்து 19,000, இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டரிலிருந்து 4,400. விசைப்படகு அதிகம் எரிக்கும், அதை நம்பி நாலைந்து குடும்பம் இருக்கிறது, எல்லாம் தெரியும். இதைச் சொன்னதற்கு நீங்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. வள்ளத்தைக் காட்டி ஜெனீவாவில் அவகாசம் வாங்கினால், அந்த 25 ஆண்டில் வள்ளத்துக்கு என்ன செய்யப் போகிறோம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அதைத்தான் யாரும் சொல்வதில்லை.

கணவாய் மீன் வாங்க வருகிற கம்பெனிக்காரர்கள் படகு நம்பர் கேட்டுத் தொல்லை செய்கிறார்கள். சரக்கு நல்லதா என்று பார்த்தால் போதாதா?
— ஏலக்காரர், தொண்டி

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தனி உரிமை உண்டு. அந்தத் தொல்லையில்தான் என் தலை நரைத்தது.

2010 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகும் கடல்மீன் ஒவ்வொன்றுக்கும் பிடிப்புச் சான்றிதழ் வேண்டும். எந்தப் படகு, எந்த மீன், எத்தனை கிலோ, எந்தக் கடல் பகுதி என்று எழுத வேண்டும். கள்ளத்தனமாகப் பிடித்த மீன் உள்ளே வரக்கூடாது என்பதற்காகப் போட்ட விதி. விசைப்படகுச் சரக்கு என்றால் வேலை சுலபம். ராமேஸ்வரம் பக்கத்துப் படகுக்கு ஐஎன்டி-டிஎன்-10 என்று தொடங்கும் பதிவு எண் பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருக்கும். வள்ளத்துச் சரக்கு என்றால்தான் சிக்கல். ஒரே லாட்டில் ஏகப்பட்ட வள்ளத்துக் கணவாய் கலந்து வரும். கூடவே உங்களைப் போன்றவர்கள் அனுப்பும் துண்டுச் சீட்டு ஐஸ் தண்ணீரில் நனைந்து, பேனா மை பரவி, ஒன்றா ஏழா என்று தெரியாமல் வந்து சேரும். ராத்திரி பத்து மணிக்குக் கரைக்குப் போன் போட்டு, தூங்கப் போனவரை எழுப்பிக் கேட்டு எழுதியிருக்கிறேன். ஓர் எண் தப்பினாலும் கண்டெய்னர் துறைமுகத்தில் நிற்கும், குளிர்சாதன வாடகை ஏறிக்கொண்டே போகும்.

ஆனாலும் அந்த விதியில் எனக்குப் பிடித்த ஓர் இடம் உண்டு. 12 மீட்டருக்குக் குறைந்த, இழுவலை போடாத சின்னப் படகுகளுக்கு எளிய படிவம் ஒன்று தனியாக இருக்கிறது. பல படகுச் சரக்கையும் அதில் ஒன்றாக எழுதி ஏற்றுமதி செய்பவரே நிரப்பலாம். பெரிய படகையும் சின்னப் படகையும் பிரித்துப் பார்க்க அவர்களால் முடிந்திருக்கிறது. ஆகவே அது முடியாத காரியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்புறம், நம்பரை பால்பாயிண்ட் பேனாவில் எழுதிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்புங்கள். எனக்குப் பிறகு அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உங்களை வாழ்த்தும்.

காக்கா, கடல் இறாலை அமெரிக்காக்காரன் வாங்க மாட்டேன் என்கிறானாம், வளர்ப்பு இறாலுக்கு வரி போடுகிறானாம். இது என்ன ஓரவஞ்சனை?
— கல்லூரி மாணவர், கீழக்கரை

இரண்டும் வேறு வேறு கதை.

முதலாவது, ஆமைக் கதை. இழுவலையில் பங்குனி ஆமை மாட்டினால் மூச்சுவிட மேலே வர முடியாமல் செத்துப்போகும். வலைக்குள் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம் வைத்தால் இறால் கம்பிகளுக்கு நடுவே போய்விடும். ஆமை சட்டத்தில் முட்டி, மேலே அல்லது கீழே இருக்கும் திறப்பு வழியாக வெளியேறிவிடும். வலையில் அந்தக் கம்பிச் சட்டம் வைக்காத நாட்டு இறால் வேண்டாம் என்று அமெரிக்கா 1989-இலேயே சட்டம் எழுதியது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் சேர்ந்து உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. 1998-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது. ஆமையைக் காக்க நினைப்பது தப்பில்லை, நடத்திய விதம்தான் தப்பு என்றது தீர்ப்பு. கரீபியன் பக்கத்து நாடுகளுக்கு மூன்று ஆண்டு அவகாசமும் பேச்சுவார்த்தையும். நமக்கு நான்கே மாதம். அதுதான் அங்கே எடுபட்ட வாதம்.

ஜெயித்ததை வைத்து நாம் அவகாசம் வாங்கினோம், கம்பிச் சட்டத்தை வலையில் மாட்டவில்லை. 2019 முதல் நம் கடல் இறாலுக்கு அமெரிக்கக் கதவு மூடியே இருக்கிறது. கொச்சியில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் வலைக்கு ஏற்ற கம்பிச் சட்டத்தை எப்போதோ செய்து காட்டிவிட்டது. இறால் கொஞ்சம் தப்பிவிடும் என்பது படகுக்காரர் கவலை. மாட்டுகிறவருக்கு கூட விலை கிடைத்தால்தானே மாட்டுவார்?

வரி இரண்டாவது கதை. 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியச் சரக்கு மீதான கூடுதல் வரியை அமெரிக்கா 50 சதவீதம் ஆக்கியபோது அடி முழுக்க வனாமி என்கிற வளர்ப்பு இறால் பண்ணைக்காரர்கள் மேல் விழுந்தது. கடல் இறால்தான் ஏற்கெனவே வெளியே நிற்கிறதே.

கடல்பாசி வளர்த்தால் கார்பன் காசு கிடைக்கும் என்று ஒருவர் வந்து பெயர் எழுதிப் போனார். நம்பலாமா அண்ணே?
— பாசி எடுக்கும் பெண், சின்னப்பாலம்

முன்பணம் கேட்டாரா? கேட்டால் கொடுக்காதீர்கள் தங்கச்சி.

ஒரு நாடு குறைத்த கரியை, அதாவது கார்பனை, இன்னொரு நாட்டுக்கு விற்பதற்கு பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவில் இடம் இருக்கிறது. அதன் விதிகள் 2024-இல் அஜர்பைஜானின் பாகு நகரில் நடந்த பருவநிலை மாநாட்டில் முழுமையாயின. ஆனால் கரியைப் பிடித்தால் மட்டும் போதாது, நெடுங்காலம் வெளியே விடாமல் வைத்திருக்க வேண்டும். நீங்கள் 12 அடி மூங்கில் மிதவையில் கட்டும் பாசியை 45 நாளில் அறுத்துக் காயவைத்து விற்கிறீர்கள். அது ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் போகிறது. சீக்கிரமே அந்தக் கரி காற்றுக்கே திரும்பிவிடும். காரங்காட்டு அலையாத்திக் காட்டின் சேறு அப்படியல்ல. காட்டை வெட்டாத வரை அது கரியைப் பிடித்து வைத்திருக்கும். கரிக்காசு என்றால் அந்தப் பக்கம்தான் பேச இடம் உண்டு.

கடல் சூடாகி மிதவைப் பாசி அழுகிக் கொட்டிய ஆண்டுகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கி மரிக்கொழுந்துப் பாசி பறிக்கும் உங்களுக்கு இப்போது தேவை அந்த நஷ்டத்துக்கு ஒரு காப்பீடு. பெயர் எழுத வந்தவரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள்.

கமுதியில் அவ்வளவு பெரிய சூரிய மின்சார ஆலை வந்ததே, அதில் நம் நாட்டுத் தகடு ஏன் அதிகம் இல்லை?
— ஆசிரியர், முதுகுளத்தூர்

கமுதி ஆலை 648 மெகாவாட், 2016-இல் திறந்தது. அதே ஆண்டுதான் உலக வர்த்தக அமைப்பில் ஒரு வழக்கில் இந்தியா தோற்றது. தேசிய சூரிய சக்தித் திட்டத்தில் உள்நாட்டில் செய்த சூரிய மின்கலங்களையே (செல்) வாங்க வேண்டும் என்று நாம் நிபந்தனை வைத்திருந்தோம். அமெரிக்கா வழக்குப் போட, அந்த நிபந்தனை செல்லாது என்று தீர்ப்பானது. கமுதி அந்த வழக்கில் இல்லை, ஆனால் காலம் அதுதான். சொந்த நாட்டுப் பொருளுக்குச் சலுகை தரும் அமெரிக்க மாநிலங்கள் மேல் நாம் வழக்குப் போட்டு 2019-இல் ஜெயித்தோம். அமெரிக்கா மேல்முறையீடு செய்தது; அந்த ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு அமைப்பே நீதிபதிகள் இல்லாமல் முடங்கியது. பருவநிலை மாநாட்டில் சூரிய மின்சாரத்தைக் கூட்டு என்கிறார்கள், வர்த்தக அரங்கில் உன் தொழிற்சாலைக்கு முன்னுரிமை தராதே என்கிறார்கள். இரண்டு இடத்திலும் உட்கார்ந்திருப்பவை அதே அரசாங்கங்கள்.

அமெரிக்கா பாரிஸ் ஒப்பந்தத்தில் இருக்கிறதா இல்லையா?
— வாசகர், ஏர்வாடி

2020 நவம்பரில் வெளியே. 2021 பிப்ரவரியில் உள்ளே. 2025 ஜனவரியில் மறுபடி வெளியேற உத்தரவு. நம் ஊர் சங்கத்தில் யாராவது இப்படிப் போய் வந்தால் முதலில் பாக்கிச் சந்தாவைக் கட்டச் சொல்வார்கள்.

மன்னார் வளைகுடாவில் 21 தீவு என்று படிக்கிறோம். இரண்டு மூழ்கிவிட்டதே, உலகம் சூடானதாலா? உலக நிதியிலிருந்து நமக்கு ஏதாவது வருமா?
— பள்ளி மாணவி, பாம்பன்

பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் மூழ்கியதற்கு உலகச் சூட்டை மட்டும் குற்றம் சொன்னால் நாம் சுலபமாகத் தப்பித்துவிடுவோம் அம்மா. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப் பாறையை ஆண்டுக்கணக்கில் வெட்டி எடுத்தோம். பாறை போனால் அலைக்குத் தடை போச்சு, தீவு மண் கரைந்தது. அதற்கு மேல்தான் சூடு. 2010, 2016, 2024 என்று பவளம் வெளுத்தது. 1.5 டிகிரி கூடினாலே உலகப் பவளத்தில் 70 முதல் 90 சதவீதம் அழியும், 2 டிகிரி என்றால் ஏறக்குறைய எல்லாமே போகும் என்று ஐ.நா. விஞ்ஞானிகள் குழு 2018-இல் சொன்னது.

நிதி விஷயம்: பாகுவில் பணக்கார நாடுகள் 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்ற அளவுக்கு ஒப்புக்கொண்டன. போதாது என்று இந்தியா அந்த மேடையிலேயே எதிர்த்தது. ஆனால் பசுமைப் பருவநிலை நிதியிலிருந்து இந்தியக் கடற்கரைக்காக 2018-இல் அனுமதியான திட்டம் ஆந்திரா, மகாராஷ்டிரா, ஒடிசா மூன்றுக்கும் போனது. தமிழ்நாடு அதில் இல்லை. டில்லி அரசு அந்த மேடையில் எதிர்த்தது சரி. அடுத்த பட்டியலில் ராமநாதபுரம் இருக்கிறதா என்று உங்கள் தொகுதி எம்.பி.யிடம் பள்ளியிலிருந்தே ஒரு கடிதம் போட்டுக் கேளுங்கள். தபால்தலைக் காசு நான் தருகிறேன்.

இந்தப் பேச்சுவார்த்தைகளில் வள்ளத்துக்காரன் என்ன கேட்க வேண்டும்?
— நாட்டுப்படகு மீனவர், தங்கச்சிமடம்

கலெக்டர் அலுவலகத்தில் மீனவர் குறைதீர் கூட்டம் நடக்கும்போது ஒரு மனு கொடுங்கள். இந்த மாவட்டத்தில் வரிவிலக்கு டீசலில் எத்தனை லிட்டர் விசைப்படகுக்குப் போனது, எத்தனை லிட்டர் நாட்டுப்படகுக்குப் போனது என்று ஆண்டுவாரியாக இரண்டு பத்தியில் எழுதித் தரச் சொல்லுங்கள். பதிவு எண்ணோடு பத்துப் பேர் கையெழுத்து இருக்கட்டும். மனு கொடுத்ததும் மறக்காமல் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.